இரண்டு கிலோமீட்டரில் மரியா

பிராண்டன் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில், திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் பார்க்க, கிராணி அர்ச்சுனனின் மானம் கப்பலேறிய நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால்.

மனிதர் அதுவரைக்கும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆபீசில் இருபத்தாறு வருடமாகக் கணக்கெழுதும் கிராணி, கோயிலுக்குப் பதினான்கு வருடமாகச் செயலாளர். தம் சொந்த லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டி, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, போன வருடத் திருவிழாப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். புக்கிட் பெலண்டோக் சுற்றுவட்டாரத்தில் வேறெந்தக் கோயில் செயலாளரும் இப்படிக் காட்டுவதில்லை என்று அவருக்கு ஒரு கர்வம் உண்டு. கர்வம் இருக்கட்டும், தப்பில்லை. அதை வேட்டியில் விரித்துக் காட்டியதுதான் வினையாகப் போயிற்று.

அன்னதானப் படம் வந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் அவர் மனைவி மோகனா கரண்டியோடு நின்றாள். அந்த அண்டாவின் மேலே திடீரென்று இன்னொரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவள் உடம்பில் துணி என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. ஒரு கண்ணை மூடித் திறந்தாள். கீழே இரண்டு முழ உயரத்துக்கு எழுத்து ஓடியது: ‘ஹாய் அர்ச்சுனன்! மரியா தனியாக இருக்கிறாள். உங்களிடமிருந்து இரண்டே கிலோமீட்டரில்!’

அர்ச்சுனன் கைக்கு வந்த பட்டனையெல்லாம் தட்டினார். ஒரு மரியா இருந்த இடத்தில் நான்கு மரியா வந்தார்கள்.

“கிராணி, ரெண்டு கிலோமீட்டருன்னா ஃபேக்டரி பக்கமா, பதினெட்டாம் நம்பர் காடா?” என்று பின்வரிசையிலிருந்து கேட்டான் யோகேந்திரன். இளைஞர் பகுதித் தலைவன். அடுத்த செயலாளர் தானென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன்.

“ரெண்டு கிலோமீட்டருக்குள்ள செம்பனைதான்டா இருக்கு!” என்று கத்தினார் அர்ச்சுனன். அது உண்மைதான், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேறென்ன இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் சொல்லக்கூடிய உண்மை அதுவல்ல. ஆம்பளைகள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பூசாரி ராமசாமி வேகமாகப் போய்க் கருவறைத் திரையை இழுத்து மூடினார், அம்மன் கண்ணில் இது படக்கூடாதென்று. பெண்கள் பக்கத்தில் மோகனா எழுந்து, முந்தானையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

அர்ச்சுனன் பின்னாலேயே ஓடினார்.

“மோகனா, சத்தியமா அது தானா வருது. வைரஸு.”

“யாரும் கூப்பிடாம தானா வர்றாளா? பேரு சொல்லிக் கூப்பிடறா!”

“என் பேரு லேப்டாப்புல இருக்கு. அத பாத்து…”

“நெருப்பில்லாம பொகையுமா? கதவ தொறந்து வச்சாத்தானே நாயி உள்ள வரும்?” அவள் குரல் உயரவேயில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. “அது தானா வந்துச்சுன்னா, தானா வர்றத எனக்குக் காட்டுங்க. அதுவரைக்கும் என்கிட்ட பேசாதீங்க. காட்ட முடியலன்னா, திருவிழா முடிஞ்சதும் நான் பாரோய்க்கு அக்கா வீட்டுக்குப் போறேன்.”

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. சோற்றைப் போடுவாள், தட்டை மேசையில் ‘டங்’கென்று வைப்பாள், அடுக்களைக்குப் போய்விடுவாள். நெத்திலி சம்பல் என்ற ஒரு பதார்த்தம் அந்த வீட்டிலிருந்தே காணாமல் போயிற்று. இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்திய மனிதருக்கு அந்த ‘டங்’ நெஞ்சிலேயே விழுந்தது. செயலாளர் பதவி போனால் போகட்டும், யோகேந்திரன் தலையில் கட்டிவிடலாம். இவள் தன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு எதிரில் நடமாடுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு லுக்குட் டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போனார். அங்கே சலாவுதீன் பாயின் நாசி கண்டார் சோற்றுக்கடை வாசலில், மீன் தலைக் கறி வாசத்துக்கு நடுவே, அவர் மகள் சஃபியா ஒரு கண்ணாடி மேசை போட்டுக் கைப்பேசி, லேப்டாப்பெல்லாம் பழுது பார்க்கிறாள். முப்பது வயதிருக்கும். வேலையில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி.

லேப்டாப்பைத் திறந்ததும் மரியா கண்ணடித்தாள்.

“அலாமாக்! அங்கிள், நல்லா வளத்து வச்சிருக்கீங்க.”

“நான் வளக்கலம்மா. தானா வளந்துச்சு.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. கண்ட கண்ட எடத்துல தட்டுனீங்களா? வேற யாரு பென்டிரைவாச்சும் போடுறீங்களா?”

“சத்தியமா இல்ல.”

சஃபியா இரண்டு மணி நேரம் தேடி எடுத்தாள். மறைந்திருந்தது, பேர் மாற்றிக்கொண்டிருந்தது, அழித்தால் வேறு பேரில் எழுந்தது, எல்லாவற்றையும் களையெடுத்துச் சுத்தமாகக் கொடுத்தாள். செவ்வாய் சுத்தம். புதனும் சுத்தம். வியாழன் சாயங்காலம் வேலை முடிந்து வந்து அர்ச்சுனன் லேப்டாப்பைத் திறந்தார். ஹாய் அர்ச்சுனன்!

அடுத்த திங்கள் மறுபடியும் போனார். இந்த முறை சஃபியா இன்னும் ஆழமாகத் தோண்டினாள். வியாழன் மரியா வந்தாள், தங்கையையும் கூட்டிக்கொண்டு. மூன்றாவது திங்கள் சஃபியா பொறுமையிழந்து, லேப்டாப்பை அடியோடு துடைத்துவிட்டு, வாங்கிய அன்று இருந்த மாதிரி எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாள். அர்ச்சுனன் தம் பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை அதன்மேல் சுற்றிப் போட்டு, அலமாரியில் வைத்து, ஆபீஸ் போகும்போதெல்லாம் சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். வியாழக்கிழமை ஆறு மணிக்கு மரியா, தங்கை, உடம்பு இளைக்கும் தேத்தண்ணி விற்கும் ஒருத்தன் ஆக மூன்று பேரும் வந்து நின்றார்கள்.

போனில் சஃபியாவின் குரல் கறாராக வந்தது. “அங்கிள், என்கிட்ட மறைக்காதீங்க லா. திங்கள் தொடச்சுக் குடுத்தா வியாழன் வருது. மூணு வாரமா. சும்மா வராது இது. நீங்க என்னமோ செய்றீங்க.”

அர்ச்சுனனுக்குத் தம்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து எதையாவது தட்டுகிறோமோ? தமக்குத் தெரியாமல் தம் கைக்கு அப்படி ஒரு ஆசையோ? இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பாவம், அந்த வயதில் ஒரு மனிதன் தன் சுண்டுவிரலைச் சந்தேகப்படுகிற நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

“நான் வர்றேன்,” என்றாள் சஃபியா கடைசியில். “அடுத்த வியாழன் மத்தியானம் உங்க வீட்டுல வந்து குந்திக்கிறேன். வர்றவள நேர்லயே பாத்துடுவோம்.”

சொன்னபடி வந்தாள். மறுபடியும் துடைத்த லேப்டாப் வரவேற்பறை மேசையில் திறந்திருந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அர்ச்சுனன் எதிர்ச்சுவரோரம், கையிரண்டையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மோகனா சஃபியாவுக்கு மட்டும் பால் சேர்க்காத தே ஓ கொண்டுவந்து வைத்தாள். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. மரியா வரவில்லை.

நான்கு மணிக்கு மோகனா தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, கையில் ஒரு பித்தளைத் தட்டோடு வந்தாள். தட்டில் ஒரு வாழையிலைத் துண்டு. அதன்மேல் செவ்வரளி இரண்டு. அவற்றுக்கு நடுவில், மஞ்சளும் குங்குமமும் அப்பி, ஒரு பென்டிரைவ்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிராண்டன் தோட்டத்தில் விடியற்காலை ஐந்தரைக்குக் கோயில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போடுவார்கள். அதைக் கேட்டுத்தான் வீடுகளில் அடுப்பு எரியும். அந்தப் பாட்டெல்லாம் இருக்கிற பென்டிரைவ் மற்ற நேரங்களில் அம்மன் பாதத்தில் இருக்கும். வியாழன்தோறும் மோகனா அதைப் பூசாரியிடமிருந்து பயபக்தியோடு வாங்கி வந்து, வெள்ளிக்கிழமைக்கென்று புதுப்பாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுப்பாள். ஆறு வருடமாக அது அவள் கைங்கரியம்.

அவள் பென்டிரைவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு லேப்டாப்பில் செருகினாள். உள்ளே இருந்த ஒன்றைத் தட்டினாள். பாட்டு ஏறியதும் லேப்டாப்பை மூடிவிட்டுக் கோயிலுக்கு ஓடுகிறவளைச் சஃபியா அன்று நிறுத்தி வைத்தாள்; சற்று நேரத்தில் திரை ஒரு கணம் கறுத்தது.

ஹாய் அர்ச்சுனன்!

தட்டு மோகனாவின் கையிலிருந்து நழுவி, ‘டங்’கென்று விழுந்தது.

“மூணு தடவ கேட்டேனே அங்கிள்!” சஃபியா தலையில் கை வைத்துக்கொண்டாள். “பென்டிரைவ் போடுறீங்களா, பென்டிரைவ் போடுறீங்களான்னு!”

“அது பென்டிரைவ் இல்லம்மா,” என்றார் அர்ச்சுனன், மனதார. “அது அம்மன் சாமான்.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நெய்விளக்கை யாராவது வீட்டு லைட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?

‘தப்பித்தோம்’ என்று அர்ச்சுனன் எழுந்து நின்றார். அவசரப்பட்டுவிட்டார். மோகனாவின் முகம் சிவந்திருந்தது.

“அம்மா பாதத்துல இருக்கற சாமான்லேருந்து அசிங்கம் வரும்ங்கறீங்களா? உங்க லேப்டாப்புலதான் அவ இருந்திருக்கா. அம்மா சாமான் பட்டதும் பொறுக்க முடியாம வெளிய வந்துட்டா. பேயி வேப்பிலைய கண்டா ஆடாதா?”

சஃபியா தே ஓவை ஓரமாக நகர்த்தி வைத்தாள். “ஆன்டி, ஒண்ணு செய்வோம்,” என்றாள். “பென்டிரைவ முழுசா தொடச்சிட்டு, பாட்டெல்லாம் புதுசா போட்டுத் தர்றேன். அதுக்கப்புறமும் வந்துச்சுன்னா அங்கிள்மேல தப்பு.”

“அம்மா சாமான தொடைக்க நீ யாரு, நான் யாரு? அம்மாவ கேட்டுத்தான் செய்யணும்.”

அம்மனைக் கேட்பதென்றால் பூப்போட்டுக் கேட்பது. வெள்ளிக்கிழமைக் காலைப் பூசை முடிந்ததும் கோயிலில் கூட்டம் கூடிவிட்டது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் துடைக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. சஃபியா வெளியே வேப்பமரத்தடியில் செருப்போடு நின்றுகொண்டாள். பூசாரி ராமசாமி மட்டும் என்னவோ காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் தவித்தார். “எதுக்குங்க இதெல்லாம்? வெளியாளு கையில குடுத்து, அத தொறந்து பாத்து… தெய்வ குத்தமாயிடும்,” என்று நாலு பேரிடம் தனித்தனியாகச் சொன்னார்.

பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தும் ரோகினி, யார் பக்கமும் சேராதவள் என்பதால், பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

மோகனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி உரக்கவே பெருமூச்சு விட்டார். அர்ச்சுனன் கருவறையைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. பதினான்கு வருடம் உனக்கு லெட்டர் எழுதினேனே, பெர்மிட் வாங்கினேனே, நீயுமா தாயே என்னை நம்பவில்லை என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வேப்பமரத்தடிக்கு வந்து செய்தியைச் சொன்னார். சஃபியா அலட்டிக்கொள்ளவில்லை.

“தொடைக்கத்தானே கூடாதுன்னாங்க? தொறந்து பாக்கக் கூடாதுன்னு சொல்லலியே. தொடச்சா அஞ்சு நிமிஷம். இப்ப ஒண்ணு ஒண்ணா பிரிச்சு எடுக்கணும், நாலு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான் லா. இந்த வைரஸ் இருக்கே, நெஜ ஃபைலயெல்லாம் ஒளிச்சு வச்சிட்டு, அதுங்க எடத்துல பொய்யான ஒண்ண வைக்கும். அதத் தட்டினா கம்ப்யூட்டருக்குள்ள பூந்துடும். ஒளிச்சு வச்சத வெளிய எடுத்துட்டு, பொய்ய மட்டும் கொன்னுடுறேன்.”

மண்டபத்து ஓரத்தில், இந்த வைரஸ் ஏறாத தன்னுடைய வேறொரு மெஷினைத் திறந்து பென்டிரைவைச் செருகினாள். மோகனா மதியச் சமையலுக்கு வீட்டுக்குப் போய்விட்டாள். பூசாரி போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒளித்து வைத்ததெல்லாம் மேலே வந்தது. முதலில் பாட்டுகள். அதற்குப் பிறகு வேறு சரக்கு.

“அங்கிள், இதுல பதினோரு சினிமாப் படம் இருக்கு. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஏத்தித் தருவாங்களே, அந்த மாதிரி. வைரஸ் அங்கேருந்துதான் வந்திருக்கணும்.”

எல்லாரும் திரும்பினார்கள். பூசாரி ராமசாமி திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார்.

“பக்திப் படந்தான்,” என்றார்.

“‘நைட் கில்லர் பார்ட் த்ரீ’ன்னு போட்டிருக்கு.”

“கடைசியில அவன் திருந்திடுவான்மா.”

யோகேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த வரியில் அவனுடைய உடற்பயிற்சிப் படங்கள் நாற்பது வந்தன, சட்டையில்லாமல், ஒரே மாதிரி. கோயில் பெயின்டுக் கடை பில்லைப் பிரின்ட் எடுக்க அவன் வாங்கிக்கொண்டு போன பென்டிரைவ், வேறு வேலையும் பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. அம்மன் பாதத்திலிருந்ததை ஆளுக்கொரு நாள் அவசரத்துக்கு எடுத்துப் போய், குங்குமத்தை ஊதிவிட்டு உபயோகித்து, மறுபடி குங்குமம் வைத்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். பாதி மண்டபம் மெல்ல வெளியேறியது.

“இது யாருதுன்னு தெரியல,” என்றாள் சஃபியா. “‘ரெக்கார்டிங் பதினாலு.’ போன்ல பதிஞ்சது. ரெண்டு வருசத்துக்கு முந்தி.”

இயர்போனை நீட்டினாள். அர்ச்சுனன் காதில் வைத்தார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். இரண்டு வரிதான் கேட்டார். இயர்போனைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டார்.

மோகனா முன்பெல்லாம் பாடுவாள். அடுப்படியில், துணி காயப்போடும்போது, தானாகக் கட்டிப் பாடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பியவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். ஏனென்று கேட்டதற்கு, “அம்மாவுக்குப் பிடிக்கலன்னா எதுக்குப் பாடணும்?” என்றாள். அவருக்கு அது புரியவில்லை. புரியாததை அவர் திரும்பவும் கேட்கவில்லை. இப்போது புரிந்தது. ஆசையாக ஒரு பாட்டைப் பதிந்து அம்மன் பாட்டோடு ஏற்றியிருக்கிறாள். விடிந்ததும் அது ஒலிக்கவில்லை. பென்டிரைவை லேப்டாப்பில் செருகித் தேடியிருக்கிறாள், அங்கேயும் காணோம். அம்மன் வேண்டாமென்று எடுத்தெறிந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி.

“இது ஏம்மா ஸ்பீக்கர்ல பாடல?”

“போன்ல பதிஞ்சது அங்கிள். கோயில் ஸ்பீக்கர் பெட்டி ஒளிச்சு வச்சதயும் படிக்கும், ஆனா எம்பி த்ரீ மட்டுந்தான். கம்ப்யூட்டர்ல தெரியாம வைரஸ் வேற ஒளிச்சிடுச்சு; ரெண்டு வருசமா சும்மா கெடந்துட்டு இப்பத்தான் மரியாவ கூட்டிட்டு வந்திருக்கு. மாத்திப் போடவா?”

“போடு,” என்றார். “மொதப் பாட்டா போடு.”

சஃபியா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையில் குனிந்தாள். நான்கு மணி நேர வேலை ஐந்தாயிற்று. பென்டிரைவ் மஞ்சள் குங்குமத்தோடு பாதத்துக்குத் திரும்பியது. கருவறை முன்னால் அர்ச்சுனன் நின்று, காலையில் பேசியதற்குக் காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட்டார். துடைக்கச் சொல்லியிருந்தால் அந்தக் குரலும் போயிருக்குமே.

சனிக்கிழமை. ஐந்தரை மணி. மோகனா அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அர்ச்சுனன் மேசையில், எதற்கும் இருக்கட்டுமென்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

*வேப்பிலைய தூக்கி வாடி, வீதி பாக்க வாடியம்மா,*
*செம்பன முள்ளு குத்தி நிக்கும் செல்லங்கள பாரடியம்மா…*

அடுக்களையில் கரண்டி நின்றது. குரல் செம்பனைக் காட்டுக்கு மேலே ஏறி, ஃபேக்டரி வரைக்கும், பதினெட்டாம் நம்பர் வரைக்கும் போயிற்று. இரண்டு கிலோமீட்டர் தாராளமாக இருக்கும். வேலைக்குக் கிளம்பிய மோட்டார்கள் கோயிலடியில் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில், பாட்டைப் பதிந்த அன்று எங்கிருந்தோ குறுக்கே கத்திய அர்ச்சுனனின் குரலும் தோட்டம் முழுக்கக் கேட்டது:

“மோகனா! நேத்து நெத்திலி சம்பல் மிச்சம் இருக்கா?”

“ஷ்ஷ்!” என்றது ஒலிபெருக்கி. பாட்டு தொடர்ந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரோகினி கத்தினாள். “அக்கா, உங்க கொரலா இது? எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சுக்கா!”

மோகனா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. பால் பொங்கி அடுப்பில் வழிவது இருவருக்கும் கேட்டது, யாரும் போகவில்லை.

“அம்மா இத தூக்கிப் போடலியா?”

“இல்ல. அந்தச் சனியன் ஒளிச்சு வச்சிருந்துச்சு. ரெண்டு வருசமா உள்ளயேதான் இருந்திருக்கு. நீ ஒண்ணும் தப்பா தட்டல, மோகனா. அது தானா செய்யுது.”

அவள் பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். பிறகு மூக்கை முந்தானையில் துடைத்தாள்.

“அப்ப அந்த மரியா?”

“அவளும் தானா வந்தவதான்.”

மோகனா உள்ளே போனாள். பாத்திரங்கள் உருண்டன. திரும்பி வந்தபோது கையில் தட்டு. அது சத்தமில்லாமல் மேசையில் இறங்கியது. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“இருக்கு,” என்றாள்.